கேள்வித்தாளுக்கு விடை சனிக்கிழமை லோடில் இருக்கிறது

கேள்வி: வியாசர்பாடியில் எஃகுத் தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் ஷாப் நடத்துகிறேன். அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வாகனங்களுக்கான பிராக்கெட், கிளாம்ப், ஸ்பிரிங் கிளிப் செய்து ஒரகடம் பக்கமுள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறோம். மாதம் 40 டன் காயில் (சுருட்டிய எஃகுத் தகடு) வாங்குகிறோம். அதில் 12 டன் ஸ்கிராப்பாகப் போய்விடும். 15,000 யூனிட் மின்சாரம், ஜெனரேட்டருக்கும் வண்டிக்குமாக 500 லிட்டர் டீசல். துத்தநாகப் பூச்சு மாதவரம் பக்கம் ஒரு பட்டறையில் ஜாப் ஒர்க். வாடகை மிச்சம் என்று சனிக்கிழமை ஒரே லோடாக அனுப்புவோம். தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் இருக்கிறது. இப்போது கம்பெனியிலிருந்து சஸ்டெயினபிலிட்டி (சுற்றுச்சூழல் பொறுப்பு) கேள்வித்தாள் ஒன்று பல பக்கங்களுக்கு வந்திருக்கிறது. "இது என் வேலை இல்லை" என்கிறார் எங்கள் குவாலிட்டி மேனேஜர். சுற்றுச்சூழலுக்கான ஐஎஸ்ஓ 14001 எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓர் ஆலோசகர் பெரிய தொகை கேட்கிறார். இதற்கென்று தனியாக ஆள் வைக்க வேண்டுமா? ரிஜெக்ஷனே 4 சதவீதம். மழைக்காலத்தில் பிளேட்டிங் ரிவொர்க் (பூச்சைத் திரும்பச் செய்யும் வேலை) வேறு கூடிவிடும். அந்தத் தலைவலிக்கு நடுவே இது எதற்கு என்று தோன்றுகிறது. (வாசகி, வியாசர்பாடி. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

தனியாக ஆள் வைக்க வேண்டாம். ஆலோசகருக்கு இப்போதே முன்பணம் கொடுக்கவும் வேண்டாம். இது உங்கள் குவாலிட்டி மேனேஜரின் வேலைதான். ஆனால் அவர் மறுப்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ரிவொர்க் கூடுகிறது, சனிக்கிழமை ஒரே லோடாக அனுப்புகிறோம் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு அந்த இரண்டு வரியை எடுத்துக்கொள்வோம். தரம், சரக்கு நடமாட்டம், சுற்றுச்சூழல் மூன்றும் உங்கள் தொழிலில் எங்கே முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன என்பது அங்கேதான் தெரிகிறது.

திங்கட்கிழமை பிரஸ்ஸிலிருந்து விழுந்த ஒரு கிளாம்பைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஓரத்துப் பிசிறை (பர்) எடுத்து, டப்பில் போட்டு, ஷட்டர் ஓரமாக அடுக்கி வைப்பார்கள். வியாசர்பாடிக்கும் காசிமேட்டுக் கடலுக்கும் தூரம் அதிகமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே உப்பும் ஈரமுமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒன்றும் தெரியாது. அடுத்த ஓரிரு நாளில், வெறுங்கையால் தொட்ட இடத்தில் கைரேகை அப்படியே பழுப்பாக எழும்பி நிற்கும். சனிக்கிழமை லோடு ஏறும்போது டப்பின் அடியில் கிடப்பவை செம்மண் நிறத்துக்கு வந்திருக்கும். ஞாயிறு விடுமுறை. அடுத்த திங்கட்கிழமை பிளேட்டிங் தொட்டிக்கு வரும்போது அந்தக் கிளாம்ப் ஒரு வாரம் உப்புக் காற்றில் கிடந்திருக்கிறது.

பிளேட்டர் என்ன செய்வார்? துரு போகும்வரை அமிலத்தில் ஊற வைப்பார். சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை நீண்டுகொண்டே போகும். துருவோடு சேர்ந்து நல்ல இரும்பும் கரையும். இரும்பு ஏற ஏற அமிலத்தின் வீரியம் குறைந்து, தொட்டியைச் சீக்கிரமே மாற்ற வேண்டி வரும். மாற்றிய அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டு முறித்தால் மிஞ்சுவது சேறு. சட்டப்படி அது அபாயக் கழிவு. இன்னொரு பக்கம், அளவுக்கு மீறி ஊறிய தகடு சொரசொரப்பாகி, கருப்புப் படிவு ஒட்டி, பூச்சு மங்கலாகவோ கொப்புளமாகவோ வரும். உங்கள் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். பிளேட்டர் அந்தப் பூச்சை மறுபடியும் அமிலத்தில் உரித்து, மறுபடியும் பூசுவார். துத்தநாகம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் இரண்டாம் முறை. ஸ்பிரிங் கிளிப் என்றால் ஆபத்து இன்னும் பெரியது. கெட்டிப்படுத்திய எஃகு அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். பூசிய கையோடு 200 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்காவிட்டால், இன்ஸ்பெக்ஷனில் தேறிய கிளிப் வண்டியில் பொருத்திய பிறகு முறிந்துவிடலாம்.

இத்தனையும் நடந்த பிறகு உங்கள் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? "ரிவொர்க், ஓகே." நீங்கள் சொன்ன 4 சதவீதத்தில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பிளேட்டர் தன் செலவிலேயே திரும்பப் பூசிக் கொடுத்துவிடுவதால் பணக் கணக்கிலும் வராது. ஆனால் செலவான அமிலமும் தண்ணீரும் திரும்பி வரப் போவதில்லை. ஆகவே முதல் வேலையாக, ரிவொர்க்கையும் ரிஜெக்ஷனைப் போலவே கிலோ கணக்கில், காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

அடுத்து அந்தச் சனிக்கிழமை லோடு. வாரம் இரண்டு முறையாவது அனுப்புங்கள். வாடகை இரட்டிப்பாகும் என்று கவலைப்படுவீர்கள். ஒரகடத்துக்கு எப்படியும் வண்டி போகிறதே, அது மாதவரம் வழியாகப் போக முடியுமானால் பூச வேண்டிய சரக்கை இறக்கிவிட்டு, பூச்சு முடிந்ததை ஏற்றிக்கொண்டு நேராகப் போய்விடலாம். புதிதாக ஒரு டிரிப் வேண்டியதில்லை. டப்பைச் சுவரோரம் தள்ளி, மூடி, முதலில் வந்தது முதலில் போகும்படி வரிசை வையுங்கள். கையுறை கொடுங்கள். துரு தடுக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு கை பூசலாம். அதிகம் பூசினால் அதைக் கழுவ பிளேட்டர் கூடுதல் காரமும் சுடுதண்ணீரும் செலவழிக்க வேண்டியிருக்கும் என்பதால், எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பிரஸ்ஸிலிருந்து இறங்கி எத்தனை நாளுக்குள் தொட்டிக்குப் போக வேண்டும் என்று ஓர் எல்லை வகுத்து, அதைக் கண்ட்ரோல் பிளானில் (எந்தக் கட்டத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்ற தாள்) ஒரு வரியாகச் சேருங்கள். குவாலிட்டி மேனேஜருக்கு அந்தத் தாள் பழக்கமானது. அதில் ஏறிய எதையும் அவர் தன் வேலை இல்லை என்று சொல்ல மாட்டார்.

இனி உங்கள் எண்களைக் கரியமில வாயுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஆலோசகர்கள் முதலில் கட்டணம் வாங்குவது பெரும்பாலும் இதற்குத்தான். ஒரு தாளில் முடிந்துவிடும் வேலை. இந்தியாவில் ஒரு டன் எஃகு உருவாகும்போது சராசரியாக 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. உங்கள் 40 டன் காயிலுக்கு மாதம் 100 டன். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்றால் 15,000 யூனிட்டுக்குப் பத்தரை டன். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, 500 லிட்டருக்கு 1.35 டன்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சஸ்டெயினபிலிட்டி என்றதும் எல்லோரும் எல்இடி விளக்குக்கும் சோலார் பேனலுக்கும் ஓடுகிறார்கள். பாடுபட்டு மின்சாரத்தில் பத்து சதவீதம் குறைத்தால் உங்களுக்குக் கிடைப்பது மாதம் ஒரு டன். காயிலில் 70 சதவீதம்தான் இப்போது பொருளாகிறது. டூல் ரூமில் உட்கார்ந்து ஸ்ட்ரிப் லேஅவுட்டை (தகட்டில் துண்டுகளை அடுக்கி வெட்டும் விதம்) மாற்றி, இரண்டு துண்டுகளுக்கு இடையே விடும் இடைவெளியைக் குறைத்து, பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டு அதை 73 சதவீதமாக்கினால், அதே 28 டன் பொருளுக்கு 38.4 டன் காயில் போதும். 1.6 டன் எஃகு மிச்சம், 4 டன் கரியமில வாயு மிச்சம். உங்கள் 4 சதவீத ரிஜெக்ஷனும் கிட்டத்தட்ட இதே எடைதான்: 1.12 டன் பொருள், அதற்காக வெட்டிய காயில் 1.6 டன், புகை 4 டன். ஸ்கிராப்பை உருக்குகிறார்களே, வீணாகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உருக்குவது நல்லதுதான். ஆனால் நீங்கள் வாங்கிய காயில் ஏற்கெனவே உலையிலிருந்து புகையைக் கக்கிவிட்டு வந்தது. காயில் விலைக்கும் ஸ்கிராப் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 1,600 கிலோவால் பெருக்கிப் பாருங்கள். ஆலோசகர் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

அதற்காகக் காற்றழுத்தக் கம்ப்ரசரை மறந்துவிட வேண்டாம். மதிய உணவு நேரத்தில் பிரஸ் எல்லாம் நின்ற பிறகு பட்டறைக்குள் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். எங்கேயாவது "உஸ்" என்ற சத்தம் வந்தால் அது பணம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் மின்சாரத்தைக் குடிக்கும்.

குவாலிட்டி மேனேஜரிடம் வருவோம். தன் தலையில் இன்னொரு ஃபைலைக் கட்டுகிறார்கள் என்று அவர் நினைக்கிறார். தனி ஃபைலாக இருந்தால் அவர் சொல்வது சரி; அதை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனால் அவர் கற்ற பாடத்திலேயே இது இருக்கிறது. ஒரு பொருள் வெளியே போன பிறகு சமுதாயத்துக்கு உண்டாக்கும் இழப்பைக் கொண்டுதான் அதன் தரத்தை அளக்க வேண்டும் என்றார் ஜப்பானிய அறிஞர் கெனிச்சி டகுச்சி. நம் பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தர நிர்வாகத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. வியாசர்பாடியிலிருந்து பக்கத்துப் பேட்டைதானே அது! திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற அதே சுழற்சியில் கிலோ, யூனிட், லிட்டர் என்று மூன்று அளவுகளைக் கூடுதலாக ஓட்டுவதுதான் இப்போது அவரிடம் கேட்கும் வேலை. மாதாந்திர ரிஜெக்ஷன் கூட்டத்தில் ஒவ்வொரு குறைபாட்டின் பக்கத்திலும் எவ்வளவு எஃகு போயிற்று, அமிலத்துக்கு இரண்டாம் முறை போயிற்றா என்று இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். ஆனால் அவருக்கு அதிகாரமும் வேண்டும். லோடு எப்போது போகிறது, காயில் யாரிடம் வாங்குகிறோம் என்பதில் அவர் பேச்சு எடுபடாவிட்டால், அந்த இரண்டு கட்டமும் வெறும் மையாகத்தான் நிற்கும். அவர் மறுப்பில் இருக்கும் நியாயம் என்று சொன்னேனே, இதுதான். பர்சேஸையும் டிஸ்பாட்சையும் அதே கூட்டத்தில் உட்கார வையுங்கள். நீங்களும் உட்காருங்கள்.

ஐஎஸ்ஓ 9001, ஐஎஸ்ஓ 14001 இரண்டின் 2015 பதிப்புகளும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் எழுதப்பட்டவை. சூழல், தலைமை, அபாயம், உள் தணிக்கை, திருத்த நடவடிக்கை என்று தலைப்புகள் வரிசை மாறாமல் வரும். போதாததற்கு, 2024 பிப்ரவரியில் 9001க்கே ஒரு திருத்தம் வந்தது: பருவநிலை மாற்றம் தன் தொழிலைப் பாதிக்குமா என்று நிறுவனம் பரிசீலித்தாக வேண்டும். அடுத்த ஆடிட்டில் கேட்பார்கள். இதற்கு இணையத்திலிருந்து நகலெடுத்து எழுத வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றால் உங்கள் லோடு எந்த வழியில் போகும், பட்டறைக்குள் தண்ணீர் வந்தால் காயில் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், டிசம்பரில் எத்தனை நாள் இருப்பு வைப்பீர்கள் என்பதை எழுதுங்கள். அதைவிடச் சரியான பதில் கிடையாது.

கம்பெனி ஏன் திடீரென்று இதையெல்லாம் கேட்கிறது என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வைத்திருக்கிறது. முதல் 250 நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களின் கணக்கையும் விருப்பத்தின் பேரில் காட்டலாம் என்று 2025-26 முதல் சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எஃகில் செய்த போல்ட், நட்டு வகைகள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே மேலேயிருந்து ஒருவர் கேட்க, அவர் அடுத்தவரைக் கேட்க, கடைசியில் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது: ஒவ்வொரு காயிலோடும் வாங்கி வைக்கிற மில் டெஸ்ட் சர்டிபிகேட். எந்த ஆலை, எந்த ஹீட் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதி) என்று அதில் இருக்கும். 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது, ஒரு டன் எஃகுக்குக் கரியமில வாயு 2.2 டன்னுக்குக் குறைவாக வெளியிட்டால்தான் நட்சத்திரத் தகுதி. உங்கள் காயில் டீலரிடம் அந்த ஆலையின் எண்ணைக் கேட்கத் தொடங்குங்கள். முதல் தடவை அவர் விழிப்பார். நாலு பேர் கேட்டால் விசாரித்துச் சொல்வார்.

பிளேட்டரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேள்வித்தாள் வந்ததும் பல முதலாளிகள் அதை அப்படியே நகலெடுத்து ஜாப் ஒர்க் பட்டறைக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அவர் "ஆம், ஆம்" என்று டிக் அடித்துக் கொடுப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நேரில் போங்கள்; குவாலிட்டி மேனேஜரை அழைத்துக்கொண்டு போங்கள். மின்முலாம் பூசும் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகையில், அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில்களின் பட்டியலில், வருகிறது. இயங்குவதற்கான அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு எங்கே கிடக்கிறது, எவ்வளவு நாளாகக் கிடக்கிறது? 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியிலுள்ள கழிவு மையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்குப் போனதற்கான மேனிஃபெஸ்ட் (கழிவு அனுப்பிய சீட்டு) நகலைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் உங்கள் பிரஸ்ஸிலிருந்து வடித்த பழைய ஆயில் யாருக்குப் போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அதுவும் இதே விதிக்குள்தான் வருகிறது.

தொட்டிகளின் அருகே நின்று கவனியுங்கள். பேரல் (சரக்கைப் போட்டுச் சுழற்றும் உருளை) தொட்டியிலிருந்து மேலே வந்ததும் அப்படியே அடுத்த தொட்டிக்குத் தாவுகிறதா, பத்துப் பதினைந்து விநாடி நின்று சொட்டு வடிகிறதா? அந்த விநாடிகளில் வடிவது ரசாயனக் கரைசல். வடிந்தால் தொட்டிக்குள், வடியாவிட்டால் கழிவுநீருக்குள். அலசும் தொட்டி ஒன்றே ஒன்று இருந்தால், இரண்டாக்கி, தண்ணீரைச் சரக்கு போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடவிடச் சொல்லுங்கள். அதே சுத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரே போதும். நன்றாக அலசிய பொருளில் கறை குறையும். ஆக இதுவும் தரக் கணக்குதான். நம் பகுதியின் உப்பேறிய போர் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் வெள்ளைத் துரு சீக்கிரம் பூக்கும் என்பதையும் அவரிடம் பேசுங்கள். மஞ்சள் பாசிவேஷன் (துத்தநாகத்தின் மேல் போடும் பாதுகாப்புப் படலம்) இன்னும் பழைய ஆறு இணைதிறன் குரோமியத்தில்தான் ஓடுகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும். ஐரோப்பிய வாகன விதியில் அதன் எல்லை வெறும் 0.1 சதவீதம். மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறச் செலவு ஆகும்.

அந்தச் செலவை யார் ஏற்பது? கிலோவுக்குச் சில பைசா குறைத்துக் கேட்டுக்கொண்டே, இன்னொரு கையால் சுற்றுச்சூழல் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவது நேர்மையல்ல. குறைத்த பைசாவை அவர் எங்கே ஈடுகட்டுவார்? இரவில் திறக்கும் வால்வில்தான். வடசென்னையில் அந்தத் தண்ணீர் பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ கொசஸ்தலையாற்றுக்கோ போய், எண்ணூர் கழிமுகத்தில் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் காலடிக்குச் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அங்கே பரவியபோது, மீனவர்கள் வாளியும் கையுமாக அதை அள்ளியதை நாம் எல்லோரும் பார்த்தோம். வலையும் படகும் கறுத்துப் போயின. அங்கே சேர்வதில் நம் பங்கு ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். துருப்பிடிக்காத சரக்கு கொடுத்தால் அவருக்கு அமிலச் செலவு குறையும்; அந்த மிச்சத்தைப் பிடுங்காமல், இரண்டாவது அலசல் தொட்டிக்கும் பாசிவேஷன் மாற்றத்துக்கும் விட்டுக்கொடுங்கள். தேவையானால் கிலோ ரேட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மலிவான இன்னொரு பட்டறைக்கு மாறாதீர்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் முதலில் மத்திய அரசின் ஜீரோ டிஃபெக்ட் ஜீரோ எஃபெக்ட் திட்டத்துக்குப் போங்கள். தரத்தையும் சுற்றுச்சூழலையும் ஒரே தாளில் பார்க்கும் சான்றிதழ் அது. சிறு நிறுவனங்களுக்கென்றே 2022 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டது. வெண்கலத் தகுதிக்குக் கட்டணம் 10,000 ரூபாய்தான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருந்தால், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்ற வகையில் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது. ஐஎஸ்ஓ 14001 பிறகு வரட்டும். ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால் அதற்கு ஆகும் செலவும் குறையும்.

கேள்வித்தாளை நிரப்பும்போது தெரிந்ததை எண்ணோடு எழுதுங்கள். இன்னும் செய்யாததற்கு "இல்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம்" என்று எழுதுங்கள். பொய்யான "ஆம்" ஒன்று ஆடிட்டில் பிடிபட்டால் உண்மையான இருபது "ஆம்"களும் சேர்ந்து விழுந்துவிடும். கூடவே ஒரு தனிக் கடிதமும் வையுங்கள். அட்டைப்பெட்டிக்குப் பதிலாகத் திரும்பி வரும் பிளாஸ்டிக் கிரேட் தர முடியுமா? வாரத்துக்கு நடுவில் ஷெட்யூலை மாற்றாமல் இருக்க முடியுமா? அவசர ஆர்டருக்காக ஓடும் பாதி காலி வண்டியின் டீசல் உங்கள் கணக்கில்தான் விழுகிறது, அதற்குக் காரணம் அவர்கள் மாற்றும் ஷெட்யூல். குரோமியம் மாற்றத்துக்கான ரேட் உயர்வில் அவர்கள் பங்கு என்ன? மூன்றையும் மரியாதையாக, எண்களோடு கேளுங்கள். அவர்கள் தரும் பதிலை எனக்கு அனுப்பி வையுங்கள். 14001க்கு எப்போது போகலாம் என்பதை அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.